காவல் என்னும் சொல்லுக்கு இரு பொருள்

தமிழில் ‘காவல்’ என்னும் சொல் சிந்தனைக்குரியது. வயலுக்குக் காவல், வீட்டுக்குக் காவல், குழந்தைக்குக் காவல் தூதர் என்று நாம் சொல்லும்போது அச்சொல் அரவணைக்கும் கையாக நிற்கிறது. “அவனைக் காவலில் வைத்துவிட்டார்கள்” என்னும்போதோ அதே சொல் பூட்டிய கதவாக மாறிவிடுகிறது. காவல்துறையை நினைத்த மாத்திரத்தில் ஒரு மக்கள் கூட்டத்தின் நெஞ்சில் இவ்விரு பொருளுள் எது முதலில் எழுகிறதோ, அதைக் கொண்டு அந்நாட்டின் நீதியை ஓரளவு அளந்துவிடலாம் என்று நாம் எண்ணுவதுண்டு.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கறுப்பின மக்களிடையே பல தலைமுறைகளாக முதலில் எழுவது இரண்டாம் பொருளே. நம் ஊர்களில் சோறுண்ண மறுக்கும் பிள்ளையிடம் “போலீஸ்காரர் வருகிறார், வாயைத் திற” என்று அன்னையர் விளையாட்டாக அச்சுறுத்துவர். பிள்ளையும் சிரித்துக்கொண்டே வாயைத் திறக்கும். அங்கே கறுப்பின இல்லங்களில் மகன் வளர்ந்து வண்டியோட்டும் பருவம் எய்தியதும் பெற்றோர் அவனை அருகில் அமர்த்தி ஒரு பாடம் சொல்லித் தருகின்றனர். காவலர் வண்டியை நிறுத்தினால் இரு கைகளையும் அவர் காணும்படி வை, எதையேனும் எடுக்குமுன் சொல்லிவிட்டு எடு, எதிர்த்துப் பேசாதே, ஓடாதே, உயிரோடு வீடு வந்து சேர். எந்தத் தாயும் விளையாட்டுக்காகச் சொல்லும் பாடம் அன்று இது.

இந்த அச்சத்தின் வேர் ஆழமானது. 1704-ஆம் ஆண்டிலேயே தென் கரோலினாவில் அடிமைகளைக் கண்காணிக்கவும் தப்பியோடியவரைப் பிடித்து வரவும் ரோந்துப் படைகள் அமைக்கப்பட்டன. அமெரிக்கக் காவல்துறை முழுவதுமே அதிலிருந்து பிறந்ததென்று கூறின் அது மிகையாகும். பாஸ்டன், நியூயார்க் போன்ற வடபுல நகரங்கள் 1829-இல் லண்டனில் தோன்றிய காவல் அமைப்பைப் பார்த்தே தங்கள் படைகளை அமைத்தன. ஆயினும் தெற்கே வாழ்ந்த கறுப்பினத்தவரின் நினைவில் சீருடையணிந்தவர் எந்த உருவில் பதிந்தார் என்பதில் ஐயமில்லை. 1963 மே மாதத்தில் அலபாமாவின் பர்மிங்காம் நகரில் ஊர்வலம் சென்ற சிறுவர் சிறுமியர் மீது வேட்டை நாய்களும் தீயணைப்புக் குழாய்களின் நீர்வீச்சும் ஏவப்பட்ட காட்சியை உலகமே கண்டது. அந்தச் சிறுவர்களுள் பலர் இன்று பாட்டன் பாட்டியராக வாழ்கின்றனர். வரலாறு அவர்களுக்கு ஏட்டில் இல்லை, உடலில் இருக்கிறது.

1967-ஆம் ஆண்டுக் கோடையில் நியூவார்க், டெட்ராய்ட் முதலான நகரங்கள் கலவரத்தால் பற்றியெரிந்தன. காரணம் கண்டறிய அதிபர் ஜான்சன் ஓர் ஆணையத்தை நியமித்தார். இலினாய் மாநில ஆளுநர் கெர்னர் தலைமையில் அமைந்த அது 1968-இல் அறிக்கை தந்தது. மக்களின் மனக்குறைகளுள் முதல் வரிசையில் அது வைத்தது காவல்துறையின் நடைமுறைகளையே. அவ்வறிக்கை கறுப்பினக் குடியிருப்புகளிலிருந்து ஒரே வேளையில் இரு முறையீடுகள் எழுவதையும் பதிவு செய்தது. காவலர் எங்களை முரட்டுத்தனமாக நடத்துகின்றனர் என்பது ஒன்று. எங்களுக்குப் போதிய பாதுகாப்புத் தருவதில்லை என்பது மற்றொன்று.

மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இவ்விரண்டும் முரணாகத் தோன்றும். காவலர் வேண்டுமென்கிறார்களா, வேண்டாமென்கிறார்களா என்று கேட்கத் தோன்றும். ஆழ்ந்து நோக்கினால் இரண்டும் ஒரே நோயின் இரு குறிகள். அற்பக் காரணத்துக்காகத் தன் மகனைத் தெருவில் நிறுத்திச் சோதித்த காவலரிடம், அடுத்த தெருவில் நடந்த கொலைக்குச் சாட்சி சொல்ல எந்தத் தாய் முன்வருவாள்? சாட்சி இல்லாமையால் கொலையாளி பிடிபடுவதில்லை. அவன் பிடிபடாமையால், எங்கள் உயிருக்கு இந்நாட்டில் மதிப்பில்லை என்ற எண்ணம் வலுக்கிறது. அந்த எண்ணம் அடுத்த சாட்சியின் வாயையும் அடைக்கிறது. செக்கைச் சுற்றும் மாடுபோல் இவ்வட்டம் தலைமுறை தலைமுறையாகச் சுழன்று வருகிறது.

மிசௌரி மாநிலத்தின் ஃபெர்கூசன் என்னும் சிறு நகரத்தில் 2014 ஆகஸ்ட் 9 அன்று மைக்கேல் பிரவுன் என்ற 18 வயது இளைஞர் காவலர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் ஏறத்தாழ நான்கு மணி நேரம் தெருவிலேயே கிடந்தது. மறு ஆண்டு மார்ச் மாதத்தில் கூட்டரசின் நீதித்துறை ஒரே நாளில் இரண்டு அறிக்கைகளை வெளியிட்டது. சுட்ட காவலர் மீது கூட்டரசுச் சட்டப்படி வழக்குத் தொடரப் போதிய ஆதாரமில்லை என்றது ஒன்று. அந்நகரக் காவல்துறையின் அன்றாட நடப்பை விவரித்தது மற்றொன்று. நகரத்தின் மக்களில் 67 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். ஆனால் 2012 முதல் 2014 வரை நிறுத்தப்பட்ட வண்டிகளில் 85 விழுக்காடும், கைதானவர்களில் 93 விழுக்காடும் அவர்களே. நகராட்சி தன் கருவூலத்தை நிரப்ப அபராதத் தொகையை நம்பியிருந்தது. காவலர்கள் வரி தண்டுவோர்போல் ஏவப்பட்டனர். அபராதம் கட்ட இயலாதவருக்குப் பிடியாணை, பிடியாணையால் சிறை, சிறையால் வேலையிழப்பு. ஒரு நிகழ்ச்சியைப் பற்றிய தீர்ப்பு எப்படி அமைந்தாலும், அதன் பின்னால் திரண்டிருந்த சினத்துக்கு நியாயமான காரணம் இருந்தது என்பதை இவ்விரு அறிக்கைகளையும் சேர்த்து வாசித்தபோது நாம் உணர்ந்தோம்.

நோயைப் பற்றியே பேசிக்கொண்டிராமல், மருந்து தேடிய ஓர் ஊரின் கதையைச் சொல்ல விழைகிறோம். ஓஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரமே அது. அங்கே வாழ்வோரில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் கறுப்பினத்தவர். 2001 ஏப்ரல் 7, குருத்து ஞாயிற்றுக்கு முந்தைய நாள், விடியலுக்கு முன் ஓவர்-தி-ரைன் என்னும் பகுதியில் திமோத்தி தாமஸ் என்ற 19 வயது இளைஞரைக் காவலர் ஒருவர் துரத்திச் சென்று சுட்டார். அவர் கையில் ஆயுதம் ஏதும் இல்லை. அவர் பெயரில் 14 பிடியாணைகள் நிலுவையில் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை போக்குவரத்து விதிமீறல்கள். 1995-க்குப் பின் அந்நகரக் காவலர்களால் உயிரிழந்த கறுப்பின ஆடவர்களில் அவர் 15-ஆவது ஆள். புனித வாரம் முழுவதும் ஊர் கொந்தளித்தது. பெரிய வியாழனன்று ஊரடங்கு உத்தரவு வந்தது. பெரிய சனிக்கிழமை அவரது அடக்கச் சடங்கு நடந்தது. சுட்ட காவலரை அவ்வாண்டு செப்டம்பரில் நீதிமன்றம் விடுவித்தது.

இந்நிகழ்ச்சிக்குச் சில வாரங்கள் முன்னரே கறுப்பின ஐக்கிய முன்னணி என்னும் அமைப்பும் குடியுரிமைக் கழகமும் காவல்துறையின் பாகுபாட்டை எதிர்த்துக் கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருந்தன. நீதிபதி சூசன் டிலாட் அவ்வழக்கை வழக்கமான பாதையில் நடத்தியிருக்கலாம். வழக்கில் ஒருவர் வெல்வார், ஒருவர் தோற்பார். தோற்றவர் அடுத்த நாளும் அதே தெருவில்தான் வாழ வேண்டும். ஆகவே அவர் சமரசப் பாதையைத் தேர்ந்தார். ஜே ராத்மன் என்னும் சமரச அறிஞர் அழைக்கப்பட்டார். கறுப்பினத்தவர், வெள்ளையர், ஏனைய சிறுபான்மையினர், இளைஞர், காவலரும் அவர்தம் குடும்பத்தாரும், நகராட்சி ஊழியர், வணிகரும் கல்வியாளரும், சமயத் தலைவரும் சமூகத் தொண்டரும் என எட்டுக் குழுக்களிடம் மூன்று கேள்விகள் கேட்கப்பட்டன. காவல்துறைக்கும் மக்களுக்கும் இடையே எத்தகைய உறவை விரும்புகிறீர்கள்? அது உங்களுக்கு ஏன் முக்கியம்? அதை எவ்வாறு அடையலாம்?

ஏறத்தாழ 3,500 பேர் விடையளித்தனர். இரண்டாம் கேள்வியே இம்முயற்சியின் உயிர்நாடி என்பது நம் கருத்து. ‘என்ன வேண்டும்’ என்று கேட்டால் மனிதர் கோரிக்கைப் பட்டியலை நீட்டுவர். ‘ஏன் வேண்டும்’ என்று கேட்டால் தம் வாழ்க்கையைச் சொல்லத் தொடங்குவர். எட்டுக் குழுக்களின் விருப்பங்களும் பெரிதும் ஒத்திருந்தன. மதிப்போடு நடத்தப்பட வேண்டும், அஞ்சாமல் வீடு திரும்ப வேண்டும் என்பதில் காவலரின் மனைவிக்கும் கறுப்பின இளைஞனின் தாய்க்கும் என்ன வேறுபாடு இருக்க முடியும்?

2002 ஏப்ரலில் கூட்டு உடன்படிக்கை உருவாயிற்று. நகராட்சியும் வழக்குத் தொடுத்தவர்களும் மட்டுமன்றிக் காவலர் சங்கமும் அதில் ஒப்பமிட்டது. காவலர் மீதான புகார்களைத் துறைக்கு வெளியே நின்று விசாரிக்கக் குடிமக்கள் புகார் ஆணையம் அமைந்தது. உடன்படிக்கை நிறைவேறுகிறதா என்று பார்க்க சால் கிரீன் என்ற வழக்கறிஞர் தலைமையில் தனிக் கண்காணிப்புக் குழு வந்தது. காவல் புரியும் முறையும் மாற வேண்டும் என்று முடிவாயிற்று. ஒரு தெருமுனையில் நாள்தோறும் போதைப்பொருள் விற்பனை நடந்தால், நாள்தோறும் இளைஞரைப் பிடித்துச் செல்வது பழைய முறை. அங்கே விளக்கு எரிகிறதா, பாழடைந்த வீடு உள்ளதா, அதன் உரிமையாளர் யார் என்று அத்தெருவில் வாழ்வோருடன் அமர்ந்து ஆராய்ந்து, காரணத்தையே களைவது புதிய முறை.

பாதை மலர் தூவியதாக இருக்கவில்லை. வழக்குத் தொடுத்த கறுப்பின ஐக்கிய முன்னணியே 2003-இல் உடன்படிக்கையை விட்டு விலகிற்று. கண்காணிப்புக் குழுவினரைக் காவல்துறை தன் அலுவலகத்திலிருந்து வெளியே அனுப்பிய நாளும் உண்டு; நீதிமன்றம் தலையிட்டே அதைச் சீர்செய்தது. ஆயினும் யாரோ சிலர் மேசையை விட்டு எழாமல் அமர்ந்திருந்தனர். சின்சினாட்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தந்த கணக்கின்படி, 1999-க்கும் 2014-க்கும் இடையே காவலர் பலப்பிரயோகம் செய்த நிகழ்ச்சிகள் 69 விழுக்காடும், காவலரை எதிர்கொள்கையில் மக்கள் அடையும் காயங்கள் 56 விழுக்காடும், புகார்கள் 42 விழுக்காடும் குறைந்தன. எல்லாம் நிறைவேறிவிட்டதென்று சொல்வதற்கில்லை. வண்டி நிறுத்தங்களைப் படம்பிடித்த பதிவுகளை ஆராய்ந்த ரேண்ட் நிறுவனம், கறுப்பின ஓட்டுநர்கள் அதிக நேரம் நிறுத்தி வைக்கப்படுவதையும் அதிகம் சோதனையிடப்படுவதையும் சுட்டிக் காட்டியது. காயம் குறைந்த அளவுக்கு மனக்காயம் குறையவில்லை.

நம்பிக்கைக்கும் ஒளிவுமறைவின்மைக்கும் உள்ள உறவை உணர்த்த இரு நிகழ்ச்சிகள் போதும். 2014 அக்டோபர் 20 அன்று சிகாகோ நகரில் லக்வான் மக்டொனால்டு என்ற 17 வயது இளைஞர் மீது காவலர் ஒருவர் 16 முறை சுட்டார். காவல்துறை ஒரு கதை சொன்னது. நிகழ்ச்சியைப் பதிவு செய்த படம் 13 மாதங்கள் பூட்டி வைக்கப்பட்டு, நீதிமன்ற ஆணைக்குப் பின்னரே வெளிவந்தது. சொல்லப்பட்ட கதையும் படமும் ஒத்துப்போகவில்லை. சுட்ட காவலர் 2018-இல் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. ஆனால் அந்த 13 மாத மௌனத்துக்கு எந்தத் தீர்ப்பாலும் ஈடு செய்ய இயலவில்லை.

அடுத்தது, மீண்டும் சின்சினாட்டி. 2015 ஜூலை 19 அன்று சாமுவேல் டுபோஸ் என்பவரைப் பல்கலைக்கழகக் காவலர் ஒருவர் வண்டி நிறுத்தத்தின்போது சுட்டுக் கொன்றார். பல்கலைக்கழகக் காவல் படை நகர உடன்படிக்கைக்கு உட்பட்டதன்று. வண்டி தம்மை இழுத்துச் சென்றதால் சுட்டதாக அவர் கூறினார். அவர் உடலில் அணிந்திருந்த ஒளிப்படக் கருவி வேறு விதமாகக் காட்டியது. பத்தே நாட்களில் அரசு வழக்கறிஞர் அப்படத்தை வெளியிட்டு, அவர் மீது கொலைக் குற்றமும் சாட்டினார். நகரம் துயருற்றது, 2001 போல் பற்றியெரியவில்லை. பின்னர் இரு முறை நடந்த விசாரணையிலும் நடுவர் குழு ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அது குடும்பத்தாருக்குப் பெரும் வேதனை. ஆனால் எது நடந்தது என்பதை அறியும் உரிமை அவர்களுக்கு மறுக்கப்படவில்லை.

2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்தபோது காவல்துறையின் முதல் அறிவிப்பு அதனை ஒரு மருத்துவ நிகழ்ச்சிபோல் குறிப்பிட்டது. கழுத்தின் மேல் ஒன்பது நிமிடங்களுக்கும் மேலாக அழுந்தியிருந்த முழங்காலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. தெருவோரம் நின்ற 17 வயதுச் சிறுமி ஒருத்தி தன் கைப்பேசியில் பதிவு செய்திராவிடில் அந்த அறிவிப்பே வரலாறாக நிலைத்திருக்கும். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் நம் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் வதைபட்டு இறந்தபோது, தமிழ் மக்கள் பலர் இவ்விரு துயரங்களையும் ஒருசேரப் பேசினர். காவல் நிலையத்துக் கண்காணிப்புக் கருவியின் பதிவுகள் அன்றாடம் தாமே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக நீதித்துறை நடுவர் அறிக்கை தந்ததையும், பெண் தலைமைக் காவலர் ஒருவர் அச்சத்தை வென்று சாட்சியம் அளித்ததையும் நாம் மறக்கவில்லை. கண் இருந்தும் குருடாக்கப்பட்ட கருவி ஒருபுறம். கண்டதைச் சொன்ன மனச்சாட்சி மறுபுறம்.

ஆகவே கருவியால் மட்டும் காரியம் முடிந்துவிடாது. வாஷிங்டன் நகரில் 2,000-க்கும் மேற்பட்ட காவலர்களைக் கொண்டு நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வு, உடலில் அணியும் ஒளிப்படக் கருவியால் பலப்பிரயோகத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்று கண்டது. பதிவு யார் கையில் இருக்கிறது, எப்போது வெளிவருகிறது, அதைக் கண்டபின் என்ன செய்கிறார்கள் என்பவையே முக்கியம். நியூயார்க் மாநிலத்தில் 1976 முதல் காவலரின் ஒழுங்கு நடவடிக்கைப் பதிவேடுகளை மூடி வைத்த சட்டம் 2020 ஜூனில்தான் நீக்கப்பட்டது.

இன்னொரு செய்தி தமிழரான நமக்குத் தனியே விளங்கும். கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரக் காவலர் 2014 ஏப்ரல் மாதத்தில் நிறுத்திய 981 வண்டிகளின் உரையாடல்களை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொல் சொல்லாக ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டனர். வெள்ளையரிடம் ‘ஐயா’, ‘அம்மா’, ‘மன்னியுங்கள்’, ‘நன்றி’ என்னும் தொனி மிகுந்திருந்தது. கறுப்பினத்தவரிடம் பெயரை மட்டும் சொல்லி அழைப்பதும், ‘கையை அங்கேயே வை’ என்னும் ஆணையும் மிகுந்திருந்தன. மிகவும் மரியாதையான சொற்களைக் கேட்கும் வாய்ப்பு வெள்ளையருக்கு 57 விழுக்காடு அதிகம். மிகவும் மரியாதைக் குறைவான சொற்களைக் கேட்கும் வாய்ப்புக் கறுப்பினத்தவருக்கு 61 விழுக்காடு அதிகம். ‘நீ’ என்பதற்கும் ‘நீங்கள்’ என்பதற்கும் இடையே எத்துணைப் பெரிய பள்ளம் உள்ளதென்று நம் மொழியில் பிறந்த எளியவர் எவரும் சொல்வர். அடியும் இல்லை, வசையும் இல்லை, புகார் எழுதவும் ஏதுமில்லை. ஆயினும் அந்த மனிதர் வீடு திரும்பும்போது ஒரு முள்ளோடு திரும்புகிறார்.

காவலரின் வேதனையையும் சொல்லாவிடில் இக்கட்டுரை நீதியற்றதாகும். 2016 ஜூலை 7 அன்று டாலஸ் நகரில், காவலர் கொலைகளைக் கண்டித்து நடந்த அமைதி ஊர்வலத்துக்குப் பாதுகாப்பாகச் சென்ற காவலர்களுள் ஐவரை மறைந்திருந்த ஒருவன் சுட்டுக் கொன்றான். குண்டு வந்த திசை நோக்கி ஓடியவர்கள் அவர்கள். அந்நகரின் காவல் தலைவர் டேவிட் பிரவுன் தாமே கறுப்பினத்தவர். 2010-இல் அவருடைய மகன் ஒரு காவலரையும் மற்றொருவரையும் கொன்று, பின்னர் காவலரின் குண்டுக்கு இரையானான். பிள்ளையைக் காவலரிடம் பறிகொடுத்த தந்தையாகவும், காவலர்களைப் பறிகொடுத்த தலைவராகவும் ஒருவரே நின்றார். ஐவரின் மறைவுக்குப் பின் அவர் போராட்டக்காரரைப் பழிக்கவில்லை. எங்களோடு வந்து சேருங்கள், உங்கள் பகுதியிலேயே பணியாற்றுங்கள் என்று அழைத்தார். விண்ணப்பங்கள் பெருகின.

2025 மே மாதத்தில் கூட்டரசின் நீதித்துறை மினியாபொலிஸ், லூயிவில் நகரங்களோடு செய்யவிருந்த சீர்திருத்த உடன்படிக்கைகளைக் கைவிடுவதாக அறிவித்தது. மினியாபொலிஸில் மாநில மனித உரிமைத் துறையோடு 2023-இல் செய்த உடன்படிக்கை மட்டும் எஞ்சியது. தலைநகரிலிருந்து வரும் உத்தரவு ஆட்சி மாறினால் மாறும். சின்சினாட்டியில் வேலையைத் தொடங்கி வைத்தது நீதிமன்றம். நடத்திச் சென்றது ஊராரின் பொறுமை.

நம்பிக்கை என்பது அதிகாரம் உடையவர் அதிகாரம் அற்றவரிடம் கேட்டுப் பெறும் பொருளாகாது. நீண்ட காலக் கடனைத் தவணை தவணையாக அடைப்பது போன்றது அது. வெளியிடப்பட்ட ஒரு பதிவு, நேர்மையாக விசாரித்த ஒரு புகார், ‘ஐயா’ என்று அழைத்த ஒரு வாய் ஆகியவை அதன் தவணைகள். ஒரு தவணை தவறினால் வட்டி ஏறும். கடன் அடைந்ததா என்று அறிய அறிக்கைகளைப் புரட்ட வேண்டியதில்லை. நள்ளிரவில் வீட்டின் பின்கதவு உடைபடும் ஓசை கேட்டு விழிக்கும் கறுப்பினத் தாய், அடுத்த அறையில் உறங்கும் தன் வளர்ந்த மகனை ஒருமுறை எண்ணித் தயங்காமல் காவல் நிலையத்துக்குத் தொலைபேசி செய்கிறாளா என்று பார்த்தால் போதும்.